சில்லி ராணிகள்: ஒரு கடை மூடும்போது ஊர் எதை இழக்கிறது?

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், பொழுது சாய்ந்ததும் சதுக்கத்தில் பலகை மேசை போட்டு, லாந்தர் விளக்கேற்றி, 10 சென்ட்டுக்கு ஒரு தட்டு சில்லி விற்ற பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியினர். ஊரும் பத்திரிகைகளும் அவர்களுக்குச் ‘சில்லி ராணிகள்’ என்று பெயர் வைத்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த அந்தக் கடைகளை 1930-களின் பின்பாதியில் நகரச் சுகாதாரத் துறை அப்புறப்படுத்தியது. 1939-ல் ஒரு மேயர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவை அடியோடு மறைந்தன. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் அநேகமாக எவரும் இன்று உயிரோடில்லை. ஆனாலும் அந்தக் கடைகளின் நினைவு ஊரை விட்டுப் போகவில்லை. அவற்றைப் பற்றி எழுதுகிறார்கள், அமெரிக்கப் பொது வானொலியில் நிகழ்ச்சி வந்தது, சந்தைச் சதுக்கத்தில் அவர்கள் பெயரில் விழா எடுத்தார்கள். இத்தனைக்கும் சில்லிக்கு அந்த ஊரில் ஒரு பஞ்சமும் இல்லை. பண்டம் இருக்கிறது, கடைதான் இல்லை. அப்படியானால் இத்தனை பேர் எதற்காக ஏங்குகிறார்கள்? மனதுக்குப் பிடித்த ஒரு கடை மூடப்படும்போது சமையற்குறிப்பு எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைச் சுற்றி அமைந்திருந்த விலை, நேரம், இடம், ஆட்கள் ஆகியவற்றின் ஏற்பாடுதான் கைவிட்டுப் போகிறது. இதுவே என் வாதம். ஆகவே அந்த ஏக்கத்தைப் பழம்பெருமை என்று தள்ளிவிடாமல், ஊரைப் பற்றிய சாட்சியமாக வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் சில்லி என்றால் ஓர் இறைச்சிக் குழம்பு. மாட்டிறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கியோ கொத்தியோ கொழுப்பில் வதக்கி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு, ஒரிகானோ இலை சேர்த்து, சிறுதீயில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம்; 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பல்களில் நம் கரைக்கு வந்து, நம் குழம்பையே மாற்றிவிட்டதும் அதே காய்தான். சீரகமோ இந்தப் பக்கத்து உலகிலிருந்து அங்கே போனது. எனவே அந்தச் சட்டியிலிருந்து எழும் மணம் தமிழ் மூக்குக்கு முற்றிலும் அந்நியமாக இராது. நார் மிகுந்து, விலை குறைந்து கிடைக்கும் கறியையும் நெடுநேரம் வேகவைத்து மிருதுவாக்கிவிடும் சமையல் இது. பிறந்தது எளியவர் வீட்டில். டெக்சாஸ்காரர்கள் குழம்புக்குள் பயறு போடுவதை ஒப்பமாட்டார்கள், தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தால் சரி. ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியிலோ இலவங்கப்பட்டை மணக்க, சேமியா போன்ற ஸ்பகெட்டியின் மேல் ஊற்றித் தருவார்கள். பெயர் ஒன்று, பண்டம் பல. அந்தந்த ஊரில் இதற்கு இன்னதுதான் உருவம் என்று நிலைநிறுத்தியவை கடைகளே.

சான் அன்டோனியோவில் அந்த உருவம் எப்படி இருந்தது என்பதை அந்தக் காலத்தவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து ஓரளவு நெருங்கிப் பார்க்கலாம். பகலில் அந்தச் சதுக்கம் வைக்கோல், விறகு, காய்கறி வண்டிகளுக்கு உரியது. இருட்டத் தொடங்கும்போது அவை விலகிவிடும். வீட்டில் பகலெல்லாம் வெந்த குழம்பைப் பெரிய பானைகளில் வண்டியேற்றிக்கொண்டு பெண்கள் வந்து சேருவார்கள். கரியோ விறகோ மூட்டிப் பானையைச் சூடு ஆறாமல் வைப்பார்கள். நீளப் பலகை மேசையில் மெழுகுத்துணி விரிக்கப்படும், இருபுறமும் பெஞ்சு. வண்ணக் கண்ணாடி பதித்த லாந்தர் மேசைமேல் எரியும். தட்டில் சிவந்த குழம்பு, பக்கத்தில் வெந்த பயறு, கையோடு ஒரு டோர்ட்டியா, அதாவது சோள ரொட்டி. அம்மா ஊற்ற, மகள் பரிமாற, பிள்ளைகள் தட்டு கழுவ, குடும்பமே கடையில் நிற்கும். நள்ளிரவு தாண்டியும் வியாபாரம் நடக்கும். விடியும்போது பானை, பெஞ்சு, விளக்கு எல்லாம் வண்டியேறிவிட, சதுக்கம் மறுபடி காய்கறிக்காரர் கைக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டியது, கடைக்கென்று கட்டடமோ வாடகையோ கிடையாது. பகலில் ஒருவருக்கும் இரவில் இன்னொருவருக்குமாக ஊர்ப் பொது இடம் முறைபோட்டுப் பயன்பட்டது. தட்டு 10 சென்ட்டுக்குக் கட்டுப்படியானதற்கு இறைச்சியின் விலை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்த ஏற்பாடு.

விலை குறைவாக இருந்ததால் வாடிக்கையாளர்களும் பலதரப்பட்டவர்களாக இருந்தார்கள். மாடு மேய்ப்பவர், வண்டிக்காரர், பட்டாளத்துச் சிப்பாய், நாடகம் பார்த்துவிட்டு வரும் வசதியான குடும்பம், ரயிலில் வந்திறங்கிய வெளியூர்க்காரர் என எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததாகப் பழைய குறிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மெக்சிகர்களும் ஆங்கிலோ வெள்ளையர்களும் குடியிருப்பிலும் வேலையிலும் பிரிந்துகிடந்த நகரம் அது. அந்தப் பிரிவினையைச் சில்லிக் கடை ஒழித்துவிட்டது என்று சொன்னால் மிகை. ஊற்றுபவர் ஒரு பக்கமும் வாங்குபவர் ஒரு பக்கமும்தான் இருந்தார்கள். ஆனால் மெக்சிகப் பெண்ணின் கைச்சமையலை வெள்ளைக்காரர் காசு கொடுத்துத் தேடிவந்து, அவள் போட்ட பெஞ்சில், அவள் சொன்ன விலைக்குச் சாப்பிட்ட இடம் அந்த ஊரில் வேறெங்கும் எளிதில் கிடைத்திருக்காது. முதலீடு இல்லாத பெண்ணுக்குச் சொந்தத் தொழில், கல்லாவில் சொந்தக் கை, இரவு நேரத்தில் பயமில்லாத பொது இடம் ஆகிய மூன்றும் அங்கே ஒருசேரக் கிடைத்தன.

கூட்டம் இருந்த இடத்துக்குப் பாட்டும் வந்தது. மேசை மேசையாகப் போய்க் கிதார் மீட்டிச் சில்லறைக்குப் பாடும் கலைஞர்களுக்கு இந்தச் சதுக்கங்களே மேடை. 1930-களின் தொடக்கத்தில் வைக்கோல் சந்தைச் சதுக்கத்தில் குடும்பத்தோடு பாடி வயிறு வளர்த்த இளம்பெண் லிடியா மெண்டோசா. அங்கே அவர் குரலைக் கேட்ட ஒரு வானொலி அறிவிப்பாளர் அவரை நிலையத்துக்கு அழைத்துப் போனார். 1934-ல் அவர் பாடிப் பதிவான ‘மால் ஓம்ப்ரே’ மெக்சிக எல்லையின் இருபுறமும் புகழ்பெற்றது. பிற்பாடு 1999-ல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது; இறந்தபின் 2013-ல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. டெக்சாஸ் மெக்சிக இசையின் பெருங்குரல்களில் ஒன்று சில்லி விற்ற சதுக்கத்திலிருந்து எழுந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சாப்பிட வந்தவர் அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்க இடமும், பாடுபவர் அனுமதி கேட்காமல் நிற்க இடமும் இருந்ததால் நடந்தது அது. ஒரு கடை தன் கணக்கில் எழுதிக்கொள்ளாத வருமானம் இப்படித்தான் ஊருக்குச் சேருகிறது. கடையை எடுத்துவிட்டால் அதுவும் சேர்ந்தே போகும்.

இனி, சமையற்குறிப்புக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். அது சாகவில்லை, மாறாகப் பல மடங்கு பெருகியது. 1890-களில் டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் சிற்றுண்டிக்கடை நடத்திய ஜெர்மானியக் குடியேறி வில்லியம் கெப்ஹார்ட், காய்ந்த மிளகாயை வரவழைத்து, சீரகம் முதலான மசாலாப் பொருள்களோடு அரைத்துத் தூளாக்கி விற்கத் தொடங்கினார். சில்லி அதுவரை பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் காய்ந்த மிளகாயை நம்பிய சமையல். தூள் வந்தபின் எந்த மாதமும், எந்த ஊரிலும் செய்யலாம் என்றாயிற்று. கெப்ஹார்ட் தொழிலைச் சான் அன்டோனியோவுக்கே கொண்டுவந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்பாவில் அடைத்த சில்லியும் வந்துவிட்டது. 1920-களில் அந்த நிறுவனம் அமெரிக்க இல்லத்தரசிகளுக்கென்று மெக்சிக சமையல் கையேடும் அச்சிட்டு வெளியிட்டது. அதாவது, சதுக்கத்தில் பானை கொதித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அந்தப் பானையின் மசாலா அளவு அச்சேறி நாடெங்கும் போய்விட்டது. குறிப்புதான் கடையின் உயிர் என்றால், 1937-ல் கடைகளை எடுத்தபோது யாரும் வருந்தியிருக்கத் தேவையில்லை. தூளும் டப்பாவும் மளிகைக்கடையில் இருந்தனவே. வருந்தினார்கள் என்பதே, மக்கள் தேடியது தூளில் அடங்காத ஒன்று என்பதற்குச் சான்று.

பண்டத்துக்குப் புகழும் வந்தது, கடைகள் போனபிறகு. 1967-ல் மேற்கு டெக்சாஸின் பாழ்பட்ட சுரங்க ஊரான டெர்லிங்குவாவில் சில்லிச் சமையல் போட்டி நடந்தது. அதன் வழிவந்த போட்டிகள் பலவற்றில் பயறு சேர்க்கக் கூடாது என்பது விதி. 1977-ல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. 2017-ல் யுனெஸ்கோ அமைப்பு சான் அன்டோனியோவைச் சமையற்கலைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. பெருமைப்படத்தக்கவையே. ஆனால் இந்தப் பெருமைகளில் எதிலும் ஒரு தட்டு 10 சென்ட்டுக்குக் கிடைக்கவில்லை, எந்தப் பெண்ணுக்கும் இரவு வியாபாரத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பண்டத்தைக் கொண்டாடுவது எளிது, அதற்குச் செலவில்லை. பண்டத்தை ஊரின் அன்றாடத்தில் வைத்திருந்த ஏற்பாட்டைத் திரும்ப அமைக்க வேண்டுமென்றால் சதுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், விதியை வளைக்க அல்ல, விதியோடு ஒத்துப்போக உதவ வேண்டும். பெரும்பாலான ஊர்கள் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கடைகளை எடுத்தது வெறுப்பினால் அல்ல, நோய்க்குப் பயந்து என்பார்கள். 1930-களில் சான் அன்டோனியோ காசநோய்ச் சாவில் அமெரிக்காவின் மிக மோசமான நகரங்களில் ஒன்றாக இருந்தது உண்மை. திறந்தவெளிக் கடையில் ஈ மொய்க்கும், ஓடும் தண்ணீர் இல்லாமல் தட்டுகள் கழுவப்படும் என்பதும் உண்மை. கட்டடத்துக்குள் இருக்கும் உணவகங்களுக்கு ஒரு விதி, சதுக்கத்துக்கு ஒரு விதி என்று வைக்க முடியாது என்று அதிகாரிகள் சொன்னதைப் பழிக்க முடியாது. பழைய கடை என்பதற்காக அழுக்கைப் போற்ற வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கடைகளில் குறை இருந்தது என்பதை அது நிரூபிக்கிறது. அந்தக் குறைக்கு ஒரே மருந்து கடைகளை இல்லாமலாக்குவதுதான் என்பதை அது நிரூபிக்கவில்லை.

அந்த நகரின் மேற்குப் பகுதியில் மெக்சிகத் தொழிலாளர்கள் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் இல்லாத நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்தார்கள். பீக்கன் கொட்டை உடைக்கும் தொழிலில் கிடைத்த கூலி வயிற்றுக்குப் போதாமல் 1938-ல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். காசநோய் பரவியதற்கான காரணங்களைத் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். சதுக்கமோ நகராட்சியின் சொத்து. அங்கே குழாயும் வடிகாலும் போடும் அதிகாரம் கடைக்காரப் பெண்ணிடம் இல்லை, நகராட்சியிடமே இருந்தது. மேயர் மௌரி மேவரிக் 1939-ல் காட்டிய வழி இந்தத் திசையில் ஒரு முயற்சி. ஈ புகாத வலைத்திரைக் கூடாரங்களுக்குள், சுகாதார விதிகளுக்குட்பட்டு, ராணிகள் திரும்பிவரலாம் என்றார். வந்தார்கள். அவர் பதவிக்காலம் 1941-ல் முடிந்தது. அடுத்து வந்த போர்க்காலத்தில் கடைகளும் முடிந்தன. நீடிக்கவில்லை என்பதால் அந்த முயற்சி தவறென்று ஆகாது. தடை, அலட்சியம் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அந்த நகரமே ஒருமுறை செய்து காட்டியது. அதைத் தொடர ஆள் இல்லாமற்போனதுதான் குறை.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. மூடிய கடையின் ருசி எப்போதும் கூடிக்கொண்டே போகும், இளமையில் பசித்த வயிற்றோடு தின்றதை முதுமையில் அமிர்தம் என்பார்கள், அந்த நினைவை நம்பி வாதம் கட்டலாமா என்று கேட்கலாம். ருசியைப் பற்றிய மட்டில் இந்தக் கேள்வியை ஏற்கிறேன். 1895-ல் சான் அன்டோனியோவுக்கு வந்த எழுத்தாளர் ஸ்டீஃபன் கிரேன் அந்தக் காரத்தை ரசிக்கவில்லை. சுட்ட செங்கல்லைப் பொடித்துத் தின்றதுபோல் என்கிற அளவுக்குக் கடுமையாக எழுதினார். நகர நிர்வாகத்தில் இருந்த ஃபிராங்க் புஷிக் 1927-ல் அதே கடைகளை வாயாரப் புகழ்ந்து எழுதினார். ருசியில் இருவரும் எதிரெதிர். ஆனால் சதுக்கத்தில் திறந்தவெளிக் கடைகள் இருந்தன, அவை ஊரின் அடையாளம் போலிருந்தன என்பதில் மாறுபாடில்லை. பிடிக்காதவரும் பிடித்தவரும் ஒன்றுபட்டுச் சொல்லும் இடத்தில் நினைவு நம்பத்தக்க சாட்சி. யார் வந்தார்கள், எந்நேரம் வரை விளக்கு எரிந்தது, என்ன விலை என்பவற்றை ஏக்கம் அவ்வளவாகத் திரித்துவிடுவதில்லை. அது திரிக்கும் இடம் வேறு. சுற்றுலா எழுத்தாளர்கள் ராணிகளின் கண்ணழகையும் கூந்தல் பூவையும் எழுதினார்கள். பகலெல்லாம் அடுப்படியில் நின்ற கால்வலியை எழுதவில்லை. எனவே நினைவை ஒதுக்கத் தேவையில்லை, யாருடைய நினைவு என்று கேட்டு வாங்கினால் போதும். சாப்பிட்டவரின் ஏக்கத்தோடு சமைத்தவரின் கணக்கையும் சேர்த்து வைக்கும்போதுதான் சாட்சியம் முழுமையாகிறது.

குறிப்பும் கடையும் வேறுவேறு என்பதற்கு, ஏழைச் சதுக்கத்துக்கு நேர் எதிரான இடத்திலிருந்தும் ஒரு சான்று தரலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நகைச்சுவை நடிகர் டேவ் சேசன் 1936-ல் தொடங்கிய சேசன்ஸ், முதலில் சில்லியும் பன்றி விலாக்கறியும் விற்ற சிறு கடை. சில்லி 25 சென்ட். அது வளர்ந்து ஹாலிவுட்டின் பெரும்புள்ளிகள் கூடும் உணவகமாயிற்று, ஆனாலும் சில்லி போகவில்லை. சேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய சில்லியைச் சமைத்து உறையவைத்துவிட்டுப் போவார், செய்முறையை யாருக்கும் சொல்லமாட்டார் என்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் ‘கிளியோபாட்ரா’ படப்பிடிப்புக்காக ரோமில் இருந்த எலிசபெத் டெய்லர் அதை உலர் பனிக்கட்டியில் வைத்து வரவழைத்துச் சாப்பிட்டார். 1973-ல் சேசன் இறந்தார், 1995-ல் கடை மூடப்பட்டது. அதன் கடைசி நாட்களைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார்கள். இன்று சேசன்ஸ் சில்லி என்ற பெயரில் செய்முறை எத்தனையோ இடங்களில் அச்சாகிக் கிடக்கிறது. வேண்டியவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செய்தும் பார்க்கிறார்கள். ஆனால் சேசன்ஸ் திரும்பி வந்துவிட்டது என்று அதனால் எவரும் சொல்வதில்லை. இரகசியமாகக் காத்த குறிப்பு வெளியாகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்திருந்த கடை போய்விட்டது.

அப்படியானால் கைமணம் ஒன்று தலைமுறை தாண்டுவதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சின்சினாட்டி அதைக் காட்டுகிறது. மாசிடோனியாப் பகுதியிலிருந்து வந்த கிராட்ஜியெஃப் சகோதரர்கள் 1922-ல் எம்பிரஸ் என்ற நாடகக் கொட்டகையை ஒட்டிக் கடை போட்டு, கொட்டகைப் பெயரையே கடைக்கும் வைத்தார்கள். தங்கள் நாட்டுச் சமையலின் மசாலாவைச் சில்லியில் கலந்து, ஸ்பகெட்டிமேல் ஊற்றி, சீவிய செடார் பாலாடைக்கட்டியை மேலே குவித்துத் தந்தார்கள். அந்தக் கடையில் வேலை பழகியவர்கள் வெளியே வந்து தங்கள் கடைகளைத் திறந்தார்கள்: 1929-ல் ஆற்றுக்கு அக்கரையில் நியூபோர்ட்டில் டிக்ஸி சில்லி, 1949-ல் நிக்கலஸ் லாம்ப்ரினிடிஸின் ஸ்கைலைன். எம்பிரஸின் அந்த முதல் கடை இன்றில்லை. ஆனால் நகரில் எந்தச் சில்லிக் கடையில் போய் உட்கார்ந்து ‘மூன்று வழி’ என்றாலும் ஸ்பகெட்டி, சில்லி, பாலாடைக்கட்டி வரும். ‘ஐந்து வழி’ என்றால் வெங்காயமும் பயறும் கூடும். பரிமாறுபவர் நீள்வட்டத் தட்டில் அடுக்கடுக்காக அதைச் சேர்க்கும் கைவேகம்கூட ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு வந்ததுதான். இங்கே பிழைத்தது அச்சடித்த குறிப்பால் இல்லை. ஒரு கடை மூடும்முன் அதனிடம் தொழில் கற்ற ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் கட்டுப்படியாகும் வாடகையில் கடை திறக்க ஊரில் இடம் இருந்தது, இரவில் தட்டு வாங்கும் வாடிக்கையாளர் இருந்தார்கள். ஏற்பாடு கைமாறியது, ருசி அதன் பின்னே வந்தது. சான் அன்டோனியோவில் ருசியை எடுத்துக்கொண்டு ஏற்பாட்டை உதறினார்கள்.

ஏற்பாடு என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வது எவ்வளவு கனமான பொருள் என்பதை ஒரு கடை உயிரோடிருக்கும்போது நெருக்கடி வந்தால்தான் தெரியும். வாஷிங்டன் நகரின் யூ தெருவில் 1958-ல் பென் அலியும் வர்ஜீனியா அலியும் திறந்த பென்ஸ் சில்லி போல் அதற்குச் சான்று. கறுப்பின மக்களின் வணிகமும் இசையும் செழித்த தெரு அது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் நகரம் பற்றியெரிந்தது, ஊரடங்கு போட்டார்கள். அந்த நாட்களில் சிறப்பு அனுமதி பெற்று அந்தக் கடை திறந்திருந்தது. போலீஸ்காரர், தீயணைப்புப் படையினர், போராட்டக்காரர் என்று எதிரெதிர் நின்றவர்களுக்கு ஒரே அடுப்பிலிருந்து சோறு போட்டது. பிற்பாடு சுரங்க ரயில் பாதைக்காகத் தெருவையே தோண்டிப் போட்டபோது அக்கம்பக்கத்துக் கடைகள் பல மூடின, அது தாக்குப்பிடித்தது. சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் எழுதிய நூலில், வீடு, வேலையிடம் இரண்டுக்கும் அப்பால் மனிதர் கூடும் இத்தகைய இடத்தை ‘மூன்றாம் இடம்’ என்றார். குறைந்த செலவில், அழைப்பில்லாமல், யாரும் வந்து உட்காரக்கூடிய இடம் என்பது அவர் சொன்ன இலக்கணம். பென்ஸ் மூடப்பட்டிருந்தால் அந்த ஏப்ரலில் அந்த வேலையைச் செய்ய ஒரு சமையற்குறிப்பால் முடிந்திருக்காது.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. கடை என்பது வியாபாரம்; லாபம் இருந்தால் நடக்கும், இல்லையென்றால் மூடும், ஒன்று போனால் இன்னொன்று வரும், இதில் ஊர் தலையிட என்ன இருக்கிறது என்பார்கள். சேசன்ஸ் விஷயத்தில் இது பெருமளவு பொருந்தும். உரிமையாளர் மறைந்து, வாடிக்கையாளர் தலைமுறை மாறி, ரசனை மாறி மூடிய கடையை யாரும் கட்டாயமாக நடத்தவைக்க முடியாது. அதை வருத்தத்தோடு வழியனுப்புவதே முறை. ஆனால் ஆள் நிறைந்திருக்கும்போதே மூடப்படும் கடைகள் வேறு வகை. சில்லி ராணிகளைச் சந்தை தோற்கடிக்கவில்லை, ஓர் உத்தரவு அப்புறப்படுத்தியது. வாடகை ஒரேயடியாக ஏறுவது, சாலை அகலப்படுத்துவது, அனுமதி மறுப்பது என்பவையெல்லாம் ஊர் தன் கையால் எடுக்கும் முடிவுகள். அவற்றுக்கு மாற்றும் உண்டு. சின்சினாட்டியில் 1940-ல் திறந்த கேம்ப் வாஷிங்டன் சில்லியின் பழைய கட்டடம் சாலை விரிவாக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. கட்டடம் போயிற்று, ஆனால் கடை பக்கத்திலேயே புதிய கட்டடத்தில் 2000-ல் மறுபடி நின்றது, அதே ஆண்டு நாட்டின் முதன்மையான உணவக விருதுகளில் ஒன்றும் அதற்குக் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ இன்னும் ஒரு படி மேலே போனது. 2015-ல் வாக்காளர் ஒப்புதலோடு, 30 ஆண்டு கடந்த கடைகளைப் பதிவேட்டில் சேர்த்து, அவற்றுக்கும் நீண்டகாலக் குத்தகை தரும் கட்டட உரிமையாளர்களுக்கும் நிதியுதவி தரும் திட்டம் கொண்டுவந்தது. இது எல்லாக் கடையையும் காப்பாற்றிவிடாது. ஆயினும், காப்பாற்ற வேண்டியது கட்டடத்தையோ குறிப்பையோ மட்டுமல்ல, நடந்துகொண்டிருக்கும் தொழிலை என்பதை ஒரு நகரம் சட்டத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆகவே, மூடிய கடையைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவரிடம் ருசியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. தட்டு என்ன விலை, யாருக்குக் கட்டுப்படியானது, எந்நேரம் வரை திறந்திருந்தது, யார் சமைத்தார்கள், அவர்களுக்கு என்ன மிஞ்சியது, அடுத்த மேசையில் யார் உட்கார்ந்தார்கள், இடத்துக்கு யார் வாடகை கேட்டார்கள் என்று கேட்க வேண்டும். பதில்கள் ஒன்றுசேரும்போது அந்த ஊர் ஒரு காலத்தில் தன் மக்களுக்கு என்ன கொடுத்தது என்பதன் துல்லியமான கணக்கு கிடைக்கும். இந்தக் கேள்விகளை, இன்னும் திறந்திருக்கிற கடைகளைப் பற்றி இப்போதே கேட்டுப் பதிவுசெய்வது அதைவிடப் பயனுள்ளது. தண்ணீர்க் குறையென்றால் குழாய் போட்டு, சாலை வேண்டுமென்றால் பக்கத்தில் இடம் ஒதுக்கி, தொழில் கற்க இளையவர் வந்தால் அவர் கடை திறக்கும் அளவுக்கு வாடகையைக் கட்டுக்குள் வைத்தால், ருசி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சான் அன்டோனியோ இன்று தன் சில்லி ராணிகளைப் போற்றுவது நியாயமானதே. அவர்களுக்கு உரிய உண்மையான மரியாதை, அடுத்த ராணிக்கு ஒரு சதுக்கத்தையும் ஒரு குழாயையும் விட்டுவைப்பதில் இருக்கிறது.